ஓடாத வண்டி என்று சொன்னார்கள்

கோம்பையில் மருந்துக் கடை வாசலில்தான் ஒவ்வொரு நாள் காலையிலும் நான் செலின் டீச்சரின் காருக்காகக் காத்திருப்பேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கார் வர நேரமாகிவிட்டது. போன் செய்தேன், எடுக்கவில்லை. பள்ளியில் முதல் மணி அடித்துவிடுவார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளைக் கார் வளைவில் திரும்புவது தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். கார் நின்று கண்ணாடி இறங்கியது. ஸ்டியரிங்கில் இருந்தவர் டீச்சர் அல்ல, அவருடைய தம்பி அருள்.

"அக்கா போயிருச்சு டீச்சர். காலையில எந்திரிக்கல. ஒங்களுக்குப் போன்ல சொல்ல மனசு வரல. ஏறுங்க."

ஏறினேன். ஏசி காற்று என் முகத்தில் படாதபடி டீச்சர் முந்தின நாள் திருப்பி வைத்திருந்த வாக்கிலேயே அந்தச் சின்னக் கதவு இருந்தது. டீச்சரின் ஊரான ராயப்பன்பட்டிக்கு அருள் காரைத் திருப்பினார்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர்களுக்கும் சொல்வதற்கு வேறு எவ்வளவோ இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் தன் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர் பாடம் நடத்தியதைப் பலர் எழுதுவார்கள். நான் இந்தக் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவருடைய கடைசி வருடங்களை இந்தக் கார்தான் பிடித்து வைத்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்து அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நான் வேலை பார்க்கும் தேவாரத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது டீச்சர் உத்தமபாளையத்தில் இறங்கி இரண்டாவது பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. முட்டி வலி வந்த பிறகு பழைய கார் ஒன்று பார்ப்பது என்று முடிவு செய்தார். தேனியில் இரண்டு மூன்று வண்டிகளைப் பார்த்துவிட்டு மனம் ஒப்பாமல் இருந்த சமயத்தில், தேவாரத்திலேயே ஒரு வீட்டில் கார் விற்பனைக்கு இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஐந்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது, ஓடவே இல்லை என்றார்கள். உத்தமபாளையத்து மெக்கானிக் அபுவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனோம்.

அது சின்னச்சாமி அய்யாவின் வீடு. தென்னந்தோப்பும் மக்காச்சோளமும் வைத்திருப்பவர். கார் அவர் மகன் முருகேசனுடையது. உரக்கடை நடத்திய முருகேசன் வண்டி வாங்கி ஒன்றரை வருடத்தில் ஒரு நாள் காலை பைக்கில் கிளம்பிப் போனவர். போடி பஸ் ஸ்டாண்டில் பைக் நின்றது. ஆள் கிடைக்கவில்லை. போலீசில் புகார் கொடுத்தும் ஒரு தகவலும் வரவில்லை. அதற்கு முந்தின நாள் பெண் பார்க்கப் போவது சம்பந்தமாக அப்பாவுக்கும் மகனுக்கும் வார்த்தை முற்றியிருந்தது. இதையெல்லாம் சின்னச்சாமி அய்யா எங்களிடம் மறைக்கவில்லை. செடியைப் பற்றியோ மழையைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

கார் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்ததும் எலி வாடை அடித்தது. அபு சுற்றி வந்து டயரை விரலால் அழுத்தினார். ஓரமெல்லாம் கீறல் விட்டிருந்தது.

"கம்மியா ஓடுன வண்டின்னு மட்டும் பாத்து வாங்கிறாதீக டீச்சர்," என்றார். "நின்னுக்கிட்டே இருந்தாலும் கெட்டுப் போகும். ரப்பரு வெடிக்கும், டேங்க்ல துரு சேரும், எலி ஒயரக் கடிக்கும். வருசத்துக்குக் கொஞ்சமாச்சும் ஓடியிருந்தாத்தான் வண்டிக்கு நல்லது."

"பத்தாயிரம்கூட ஓடாத வண்டி தம்பி," என்றார் சின்னச்சாமி அய்யா. "தேனிக்கும் போடிக்கும் போனதத் தவிர அவன் எங்கயும் போனதில்ல." விலையும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் சொல்லியிருந்தார்.

மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. எண்கள் விளக்குப் போல எரிகிற மீட்டர் அது, பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. அபு தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். எண்கள் எரிந்தன. அபு குனிந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"அய்யா, ஐம்பத்தெட்டாயிரம் ஓடியிருக்கு."

"இருக்காது. தப்பாப் பாக்குற."

"மீட்டரக் கொறைக்கிற ஆளுக இருக்காக அய்யா. கூட்டுற ஆளு யாரும் இல்ல."

அதன்பின் அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்து தகடு தெரிந்தது. கிளட்சும் முடிகிற நிலைமை. "இது ஊருக்குள்ள ஓடுனா தேயிற தேய்மானம் இல்ல. மலை ஏறி எறங்குன வண்டி," என்றார்.

நிலைப்படியில் நின்றிருந்த முருகேசனின் அம்மா பேச்சியம்மாள் அப்போதுதான் வாய் திறந்தார். "எந்த மலை?"

சின்னச்சாமி அய்யா வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீச்சரிடம், "ஓடாத வண்டின்னு சொல்லித்தான் வெல சொன்னேன். அது பொய்யாப் போச்சு. நீங்களே பாத்து ஒரு வெல சொல்லுங்க," என்றார். அபு கணக்குப் போட்டு, ஓடிய தூரத்துக்கும் மாற்ற வேண்டிய சாமான்களுக்கும் கழித்து, நியாயமான ஒரு தொகை சொன்னார். டீச்சர் அதற்குமேல் பேரம் பேசவில்லை. கிளம்பும்போது பேச்சியம்மாள் ஒன்று கேட்டுக்கொண்டார். "பள்ளிக்கூடம் போகையில இந்தத் தெரு வழியாப் போங்க டீச்சர். சத்தம் கேக்கட்டும்."

அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகத்தான் போனோம். ஆனால் கார் வாங்கியதோடு டீச்சருக்குக் காரியம் முடியவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றரை வருடத்துக்கு அந்தத் தூரத்தை வகுத்துப் பார்த்துவிட்டார். "தினமும் எங்கயோ போயிட்டு வந்திருக்கான் ஜெயா. பெத்தவகளுக்கே தெரியாம," என்றார். ஒரு நாள் பண்ணைப்புரம் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, "மீட்டரு எவ்வளவு தூரமுன்னுதான் சொல்லும். எங்கன்னு சொல்லாது," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பேச்சியம்மாளிடம் முருகேசனின் போட்டோவை வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டார். ரோட்டோரமாக நெட்டையாக யாராவது நடந்து போனால் கார் தானாக மெதுவாகும். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வேகம் எடுப்பார். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "நான் பாத்தே இல்லாத ஒருத்தனத் தேடிக்கிட்டிருக்கேன். வண்டியில தனியா வாரப்ப பின்சீட்டுல அவன் உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு." வண்டியை விற்றுவிடுங்கள் என்றேன். "வித்தா அடுத்தவகளுக்கும் இதே கததான?" என்றார்.

கார் வாங்கிய அடுத்த வருடம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் கட்டப்பனையில் டீச்சரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என்னையும் அழைத்தார். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறும்போது அவர் கண் அடிக்கடி மீட்டருக்குப் போய் வந்தது. கட்டப்பனைக் கடைத்தெருவில் நெரிசலில் கார் நின்றது. தையல் கடை ஒன்றிலிருந்து முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண், கழுத்தில் அளவு நாடாவோடு, எழுந்து வெளியே வந்தாள். முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தபடி மெதுவாக வந்தவள் பிறகு ஓடினாள். காருக்கு முன்னால் நின்று பானட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். பின்சீட்டையும் பார்த்தாள். மலையாளம் கலந்த தமிழில், "நீங்களா சேச்சி, முருகேசனோட பார்யா?" என்று கேட்டாள்.

முருகேசனின் மனைவியா என்று கேட்கிறாள் என்பது எங்களுக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. டீச்சர் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

அவள் பெயர் ஷீபா. ஒன்றரை வருடம் அநேகமாகத் தினமும் சாயங்காலம் முருகேசன் அங்கே வந்து, இரவு திரும்பியிருக்கிறார். வீட்டில் பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் அதற்குப் பிறகு வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. பயந்துபோய் வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். தேடிப் போக ரோஷம் இடம் கொடுக்கவில்லை. டீச்சர், முருகேசன் காணாமல் போன விவரத்தை ஒன்று விடாமல் சொன்னார். ஷீபா அழவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து அளவு நாடாவைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "ஞான் திட்டிக்கிட்டே இருந்தேன் சேச்சி," என்றாள். "தினமும்."

கல்யாணத்தில் டீச்சர் சாப்பிடவில்லை. மலை இறங்கும்போது, "அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கோவம் ஒண்ணுதான் ஜெயா. அதையும் நான் பிடுங்கிட்டு வாரேன்," என்றார்.

அன்று ஷீபா ஓடி வந்த ஓட்டத்தை, கோம்பையில் நான் அருளின் முகத்தைப் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குச் சரியாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

தேவாரத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் பல வாரம் திண்டாடினார். வேண்டாம், ஆறிப்போனதைக் கிளற வேண்டாம் என்றேன் நான். "எதுவும் ஆறல. அந்தம்மா தினமும் வாசல்ல நிக்கிறத நீயும்தான் பாக்குற," என்று சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினார்.

சின்னச்சாமி அய்யா கேட்டு முடித்ததும், "சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். துண்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். பேச்சியம்மாள் மட்டும் டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ராத்திரிச் சாப்பாட்ட மூடி வச்சிருப்பேன் டீச்சர். காலையில பாத்தா அப்படியே இருக்கும். வெளியில என்னத்தத் திங்கிறானோன்னு நெனப்பேன். அங்கன சாப்பிட்டானா? அந்தப் புள்ள சாப்பாடு போட்டுச்சா?"

"போட்டாளாம் அம்மா. மீன் கொழம்பு வச்சா ரெண்டு தடவ கேப்பானாம்."

"வீட்டுல மீன தொடமாட்டான்," என்றார் பேச்சியம்மாள். அப்போதுதான் அவர் அழுதார்.

அடுத்த மாதம் அந்த அம்மாவைக் கட்டப்பனைக்குக் கூட்டிக்கொண்டு போனார் டீச்சர். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ராயப்பன்பட்டியில் கிளம்பித் தேவாரம் வந்து, பேச்சியம்மாளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது வழக்கமாயிற்று. சின்னச்சாமி அய்யா ஒரு நாளும் அந்தக் காரில் ஏறவில்லை. ஆனால் தோப்பில் இறக்கிய தேங்காயில் நல்லதாகப் பார்த்து ஒரு சாக்கு கட்டி டிக்கியில் வைப்பார். யாருக்கு என்று அவரும் சொல்லமாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

நானும் சில தடவை போயிருக்கிறேன். தையல் கடையின் உள்ளறையில் அந்த இரண்டு பெண்களும் முருகேசனைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்திக்குத் தெரிந்த முருகேசனை மற்றவளுக்குத் தெரியாது. ஷீபா சொன்ன முருகேசன் பாட்டுப் பாடுவார், வம்பு பேசுவார். பேச்சியம்மாள் சொன்னவர் அதிகம் பேசாதவர். கேட்டுக்கொண்டிருந்தால், காணாமல் போனது இரண்டு பேர் என்று தோன்றும். டீச்சர் நடுவில் பேசமாட்டார். திரும்பி வரும்போது இருட்டிவிடும். பேச்சியம்மாள் பின்சீட்டில் ஓர் ஓரமாக ஒதுங்கித்தான் உட்காருவார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

டீச்சரின் அடக்கத்துக்குப் பேச்சியம்மாளும் ஷீபாவும் வந்திருந்தார்கள். ஷீபா மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். சின்னச்சாமி அய்யாவும் வந்து, கல்லறைத் தோட்ட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். அங்கேதான் அவர் ஷீபாவை முதன்முதலாகப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா வீட்டுல தங்கிட்டுப் போம்மா," என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவள் தேவாரத்தில் தங்கினாள்.

காரை என்ன செய்வது என்று அருளுக்குத் தெரியவில்லை. தேனியில் ஒரு புரோக்கரிடம் காட்டியிருக்கிறார். மீட்டர் ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது, இந்த ஓட்டத்துக்கு விலை வராது, வேண்டுமானால் பாதியாகக் குறைத்துக் காட்டி விற்றுத் தருகிறேன் என்றாராம் அவர். அருள் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போன ஞாயிறு பஸ்ஸில் தேவாரம் போனேன். காபி கொடுத்துவிட்டுப் பேச்சியம்மாள் எதிரில் உட்கார்ந்தார். டீச்சரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர்கிட்ட மாசாமாசம் ஒண்ணு கேப்பேன்," என்றார். "முருகேசன் வருவானான்னு. ஊர்ல எல்லாரும் வந்துருவான்ம்பாக, இல்லன்னா மறந்துருங்கம்பாக. டீச்சர் மட்டும்தான், 'தெரியலம்மா'ன்னு சொல்லிட்டு எந்திரிக்காம ஒக்காந்திருப்பாக. அது போதும் எனக்கு."

காலியான டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "நீங்க என்ன நெனக்கிறீக டீச்சர்? வருவானா?" என்று கேட்டார்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. செலின் டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பதில்தான். அதைச் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.