பால்கோவா கடையில் இன்சுலின்

1991-ஆம் ஆண்டு, ஆடிப்பூரம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனைப் பால்கோவா கடையில் நடந்தது இது.

திருமணமான மறு வருடமே என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். எனக்கு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை. சம்பளத்தில் பெரும்பகுதி மருந்துக்கே போனது. மாதக் கடைசியில் எனக்குத் தெரியாமல் அவள் மருந்தின் அளவைக் குறைத்துப் போட, அது பெரிய உபத்திரவமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே பார்த்த டாக்டர்தான் வழி சொன்னார். மதுரையில் ஓர் அறக்கட்டளை, டாக்டரின் மருந்துச் சீட்டைக் காட்டினால் ஆறு மாத இன்சுலினை மொத்தமாக இலவசமாகத் தருகிறதாம். உடனே எழுதிப் போட்டோம். ஒரு நிபந்தனையோடு பதில் வந்தது. மருந்து கெடாமல் இருக்க வீட்டில் ஃப்ரிட்ஜ் வேண்டும். நர்ஸ் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

ஃப்ரிட்ஜ் வாங்க வசதி இருந்தால் நான் ஏன் இலவச மருந்துக்கு எழுதிப் போடுகிறேன்? எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்தது பால்கோவா கடை அண்ணாச்சியிடம் மட்டும்தான். கலர் சோடா பாட்டில்களைக் குளிர வைக்க வாங்கியிருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா தம்பி இம்புட்டு யோசிச்ச? அந்த நர்சம்மாவ வரச் சொல்லு" என்றார்.

நர்ஸ் வந்தார். வீட்டைப் பார்க்க வந்தவரைக் கடைக்குக் கூட்டிப்போனோம். தட்டுத் தட்டாக இருந்த பால்கோவாவையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுகர் பேஷன்ட்டுக்கு மருந்து வைக்க வேற இடமே கெடைக்கலையா?"

"இந்தப் பிள்ள இங்க மருந்து வைக்கத்தான் செய்யும் சிஸ்டர், பால்கோவா திங்காது" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பிள்ளைக்கு ஒரு துணுக்கு நான் குடுத்தது கெடையாது."

பெருமையாக ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேலே ஐஸ் பிடிக்கும் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, புதுத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். இருப்பதிலேயே குளிர்ச்சியான இடத்தை மருந்துக்கு ஒதுக்கியிருக்கிறாராம். நர்ஸின் முகம் மாறியது. இன்சுலின் குளிர்ச்சியாக இருக்கலாமே தவிர உறையக் கூடாது, ஒருமுறை உறைந்தால் அத்தனையும் வீண் என்று விளக்கினார். மருந்து வருவதற்கு முன்னால் அவர் வந்தது நல்லதாயிற்று.

அண்ணாச்சி அசரவில்லை. எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு, நடுத்தட்டில் இருந்த கலர் பாட்டில்களை அப்போதே எடுத்து வெளியே வைத்தார்.

ஆனால் நர்ஸ் இன்னும் யோசித்தார். கடை பூட்டியிருக்கும்போது மருந்து தேவைப்பட்டால்? அண்ணாச்சி குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டால்? வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம் என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி இடுப்புக் கயிற்றிலிருந்து கடைச் சாவி ஒன்றைக் கழற்றி, அவள் கையில் வைத்தார்.

"இனி நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எப்ப வேணும்னாலும் தெறந்து எடுத்துக்கட்டும்."

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சக்கரைக்காரி கையில பால்கோவா கடைச் சாவியக் குடுக்கிற மனுசன இப்பத்தான் பாக்கேன்."

"தின்னா எனக்குத் தெரிஞ்சிரும் சிஸ்டர். தட்டோட எடை போட்டுத்தான் பூட்டுவேன்."

தலை குனிந்திருந்தவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எங்களுக்கு மருந்து தரலாம் என்று நர்ஸ் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மருந்து வந்தது. அதன்பின் ஒரு நாளும் அவள் அளவைக் குறைக்கவில்லை. மறு வருடமே வத்திராயிருப்பிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு வாத்தியாரும், தெற்குத் தெரு டெய்லரின் தாயாரும் தங்கள் மருந்தைக் கொண்டுவந்து வைக்க, நடுத்தட்டு நிறைந்துவிட்டது. கலர் பாட்டில்கள் எல்லாம் ஐஸ்கட்டி போட்ட தொட்டிக்குப் போயின. அண்ணாச்சி அவர்களுக்கும் ஆளுக்கொரு கடைச் சாவி செய்து கொடுத்தார்.

1997-இல் சொந்தமாக ஃப்ரிட்ஜ் வாங்கினோம். ஆனாலும் உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், தெருவில் இருப்பவர்களிடம் உள்ளதையும் சேர்த்துத்தான் இன்றைக்கும் என் மனம் பதில் சொல்கிறது.