லேத் தேர்ந்தெடுத்த வெலிங்டன் கிமி

காவல்துறை அறிக்கை அவரை இப்படி வர்ணித்தது: "வெலிங்டன் கிமி, வயது ஐம்பத்தெட்டு, கும்பலின் ஆயுதத் தயாரிப்பாளன். லேத் இயக்குவதில் நீண்ட அனுபவமும் ஈவிரக்கமற்ற மனமும் உடையவன்." வயது சரி.

துரான் நகரில் எங்கள் தெருமுனையில் அவர் காலையில் மீன் சூப் விற்றார். சூரை மீன், மரவள்ளிக்கிழங்கு, மேலே ஊறவைத்த வெங்காயம். மீனை வெட்டுவதெல்லாம் மனைவி கார்தேனியா. ரத்தம் பார்த்தால் இவருக்குத் தலை சுற்றும். மத்தியானத்துக்கு மேல் டார்ச்சோடு உட்கார்ந்துவிடுவார். மின்வெட்டுக் காலத்தில் ஊரே டார்ச் வாங்கியது. இவர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, இவ்வளவு மட்டமான வேலையா என்று தானே செய்ததுபோல அவமானப்பட்டார். அலுமினியக் குழாயை அரத்தால் ராவி, தானே ஒன்று செய்தார். அது எரிந்தது, உருண்டையாக இல்லை. ஆகவே உலோகத்தைச் சுழற்றி உருண்டையாகக் கடையும் லேத் வேண்டும்.

எந்த லேத் என்பதில்தான் வருஷங்கள் போயின. சின்னச் சீன லேத் மாடி அறையில் அடங்கும். ஆனால் அதன் தலைத் துளைக்குள் டார்ச் குழாய் நுழையாது. பழைய பிரேசில் லேத்தில் நுழையும். மாடிதான் தரைக்கு வந்துவிடும். சூப் குடிக்க வந்தவர்களுக்கு இது மனப்பாடம். ஏதாவது ஒன்றை வாங்கித் தொலைக்கும்படியும், இல்லாவிட்டால் தன்னை விட்டுவிட்டு அதையே கட்டிக்கொள்ளும்படியும் கார்தேனியா சொல்வார். அவர் வாங்கவில்லை. லேத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் ஒரு லேத்தைத் தொட்டதுகூட இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கும்பலுக்குத் தெரியாது.

கும்பல் முதலில் போனது ஊரின் உண்மையான கடைசல்காரர் போர்போரிடம். அவருடைய பட்டறையிலேயே துப்பாக்கிக் குழல் கடையச் சொன்னார்கள். மறுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் சுட்டார்கள், பிறகு முழங்காலில், பிறகு அவசரமில்லாமல் வாயில். அதன் பிறகுதான் இயந்திரங்களை ஓட்ட ஆளில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. யாரோ சூப் கடையைக் கைகாட்டினார்கள்.

கும்பலின் அடியாள் கிளேபர் இன்னொருவனோடு வந்தான். பேச்சைத் தொடங்கும் முறையாகக் கொதிக்கும் அண்டாவை எட்டி உதைத்தான்; சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவருக்குக் கால் வெந்தது. வெலிங்டனைத் தலைமுடியைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப் போனார்கள்.

போர்போரின் பட்டறையில் இரண்டு லேத்துகள். தரையில் ரத்தத்தின் மேல் மரத்தூள் போட்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, ஊரெல்லாம் உன் பேச்சுதான். ரெண்டுல எது தேறும்னு சொல்லு" என்றான் கிளேபர்.

பிடரியில் துப்பாக்கி இருந்தது. இருந்தும் வெலிங்டன் உண்மையாகவே தேர்ந்தெடுத்தார். அவருக்கு வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. வெட்டும் கருவி நகரும் தடத்தில் நகத்தை ஓட்டினார். குழாயைக் கவ்விப் பிடித்துச் சுழலும் 'சக்' என்ற தாடையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். துளையில் கண் வைத்தார்.

"அது வேணாம் தம்பி. பளபளப்புதான், தடம் தேஞ்சு போச்சு. இந்தப் பச்சைதான் சரி." அப்போது தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று பிற்பாடு வெட்கத்தோடு சொன்னார்.

"அப்ப அதுல துப்பாக்கிக் குழல் கடைஞ்சு குடு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா. நான் படிச்சதோட சரி."

"போர்போரு மாட்டேன்னான். நீ தெரியாதுங்கிற. அவனாவது மரியாதையாப் பேசினான்."

துப்பாக்கியின் பின்கட்டையால் வாயில் அடித்தான். பற்கள் மரத்தூளில் விழுந்தன. மறுபடி அடித்தான், காதோரம். இருட்டுவதற்குள் குழல் வரவில்லை என்றால் சூப் கடைக்காரியைக் கூட்டிவந்து இதே சக்கில் அவள் கையை மாட்டுவேன் என்றான்.

வெலிங்டன் இரும்புக் குழாயைச் சக்கில் வைத்து, அதை இறுக்கும் கனத்த திருகுச் சாவியால் முறுக்கினார். முறுக்கியதும் சாவியைக் கழற்றிவிட வேண்டும். லேத்தைப் பற்றி எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முதலில் இருப்பது இந்த எச்சரிக்கைதான். ஏமாற்றுகிறாரோ என்று கிளேபர் குனிந்து குழாயைப் பார்த்தான்.

லேத் ஓடியது. சாவி தெறித்துக் கிளேபரின் கண்ணுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டு போனது. அவன் சுழலும் சக்கின் மேலேயே விழுந்தான். கழுத்துச் சங்கிலி சிக்கி, லேத் அவனை விடாமல் இழுத்தது. கூட வந்தவன் ஓடிவிட்டான். போலீஸ் வந்தபோது லேத் இன்னும் முனகிக்கொண்டிருந்தது, வெலிங்டன் அதன் காலடியில் மயங்கிக் கிடந்தார். துப்பாக்கிக் குழலுக்காக மாட்டிய குழாய், பிணம், உயிரோடு ஒரு ஆள்: அறிக்கை எழுத இது போதும். மயக்கம் தெளிந்ததும் அவர்களும் அடித்தார்கள்.

வக்கீல் வேறொரு வர்ணனை தயாரித்தார்: அனுபவமற்ற, நடுக்கமுள்ள சூப் வியாபாரி, சாவியைக் கழற்ற மறந்துவிட்டார். நீதிபதி இதை நம்பி விடுதலை செய்தார். தம்பதி இப்போது இந்த நாட்டிலேயே இல்லை, ஆகவே எழுதலாம்.

அவர் மறக்கவில்லை. சாவி சக்கில் நிற்பதைப் பார்த்தார். அது கிளேபர் பக்கம் பறக்குமா, தன் பக்கமா என்று அவருக்குத் தெரியாது. விசையைத் தட்டினார்.