காப்பு கட்டிய வீட்டில் கோழி உருண்டை

ஜெயசித்ராவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் ஒன்றாம் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. ஒன்றாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். குக்கர் விசில் அடித்தால் கொல்லைப்பக்கம் ஓடுவாள். இடி இடித்தால் எதிரே இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர்" என்பாள். கணவன் தமிழழகன் மினி வேனில் முந்திரிக்கொட்டை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அவன் திரும்பும்வரை இவளுக்குச் சோறு இறங்காது. எனக்கு எரிச்சலாக வரும். "ஏண்டி, ஒரு நாளாவது பயப்படாம இருந்து பாரேன்" என்று திட்டுவேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடும்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். தெருவில் பாதி, மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்களாகிய நாங்கள்; மீதிப் பாதி, ஜெயசித்ரா வீட்டைப் போல அம்மனைக் கும்பிடுகிறவர்கள். சித்திரையில் மாரியம்மன் கோவிலில் காப்பு கட்டிவிட்டால் அவர்கள் வீடுகளில் கறி, மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நாங்களும் அந்த நாட்களில் மீன்காரனைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். எதிர்வீட்டுக்காரர்களுக்காக அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

தீ மிதிக்கிறவர்கள் வீட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். தமிழழகன் வருடா வருடம் இறங்குகிறவன். கையில் காப்புக் கயிறு ஏறியதும் இறங்குகிற மற்றவர்களோடு கோவில் கொட்டகைக்குப் போய்விடுவான். தீமிதி முடிந்து, மஞ்சள் நீராட்டும் முடிந்த பிறகுதான் வீட்டு வாசலை மிதிப்பான். வீட்டில் யாராவது சுத்தம் கெடுத்தால் குழியில் இறங்குகிறவன் காலில் கொப்புளம் போட்டுவிடும் என்பது ஊர்ப் பேச்சு. யாருக்காவது கால் வெந்துவிட்டால், வெந்தவனை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவன் பெண்டாட்டியைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஜெயசித்ராவின் பயங்களிலேயே பெரிய பயம் இதுதான்.

அப்படிப்பட்டவள் தீமிதிக்கு முதல் நாள் வீட்டில் கோழிக்கறி சமைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

காரணம் அவள் மகள் மகிழினி. இன்னும் மூன்று வயது முடியவில்லை. காப்பு கட்டிய நாளிலிருந்து தாளிக்காத குழம்பும் தயிர்ச்சோறும்தான். பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. அங்கன்வாடியில் எடை போட்டுவிட்டு, "என்னாம்மா, புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லியா?" என்று கேட்டுவிட்டார்கள். ஜெயசித்ரா அன்று முழுக்க அழுதாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், சாமி பயம் இன்னொரு பக்கம்.

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு ஏர் ஃப்ரையர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கரண்டு பில்லுக்குப் பயந்து நான் அதை அவளிடம் தள்ளிவிட்டிருந்தேன். அவள் அதையும் தொடப் பயந்து துணி போட்டு மூடி வைத்திருந்தாள். தீமிதிக்கு முதல் நாள் காலை என்னிடம் வந்து, "அதுல எண்ணெயே வேணாமா டீச்சர்? பொகையும் வராதா?" என்று கேட்டாள். வாங்கிய பொருளை ஒருவழியாக உபயோகப்படுத்தப் போகிறாளே என்று நானும் விலாவாரியாகச் சொன்னேன். உருளைக்கிழங்குக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நடந்ததெல்லாம் அவளே என்னிடம் சொன்னதுதான்.

ஆண்டிமடம் போய்க் கோழி கொத்துக்கறி வாங்கி, கூடைக்கு அடியில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கை உறிஞ்சியபோது இவள் கூடையைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். அவளுக்கு வெறும் சளி.

கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சன்னலைச் சாத்தி, வாசற்படிக்கு அடியில் கோணியைச் சுருட்டி வைத்தாள். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, கொத்தமல்லி எல்லாம் அரிந்து கறியோடு பிசைந்தாள். உருட்டினால் உருண்டை நிற்கவில்லை. ரொட்டித் தூள் சேர்க்கச் சொல்கிறார்கள், ரொட்டிக்கு எங்கே போவது? அவள் வேலை பார்ப்பது முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில். அங்கே கொடுத்த உடைந்த முந்திரிக் குருணை வீட்டில் இருந்தது. அதைப் பொடித்துப் போட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எது கெட்டிப்படாவிட்டாலும் கை முந்திரிக்குத்தான் போகும். மகிழினி அதுவரை முந்திரி தின்றதில்லை. "சின்னப் புள்ளைக்கு மாந்தம் வந்துரும்" என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் வளர்மதி கொடுக்கவிடாமல் வைத்திருந்தாள்.

எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக உருட்டி, மெஷினின் கூடையில் இடைவெளிவிட்டு அடுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது. தெருவில் பறைச் சத்தம் கோவிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சிலேயே விழுந்தது என்றாள். பாதியில் இழுத்து உருண்டைகளைப் புரட்டினாள். பொன்னிறமாகி ஓரம் முறுகத் தொடங்கியிருந்தது. வாசம் வந்தது. வராது என்று நான்தான் சொல்லியிருந்தேன், என் வாயில் மண்ணைப் போட! சாம்பிராணியைக் கொளுத்தி வீடு முழுக்கக் காட்டினாள். முடிந்ததும் மெஷின் 'டிங்' என்று மணி அடித்தது. கோவில் மணிதான் அடிக்கிறது என்று நினைத்து, "தாயே, மன்னிச்சுரு" என்று தரையில் விழுந்துவிட்டாள்.

பிள்ளை இரண்டு உருண்டை தின்றது. மூன்றாவதுக்குக் கை நீட்டியது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது உருண்டை பிள்ளையின் வாய்க்குப் போகவே இல்லை.

முதலில் கன்னத்தில் தடிப்பு. பிறகு கழுத்து, வயிறு, முதுகு எல்லாம் சிவப்புச் சிவப்பாக எழும்பியது. பிள்ளை சொறிந்துகொண்டு அழுதது. ஜெயசித்ரா மீதி உருண்டைகளை அடுப்புச் சாம்பலில் புதைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். கோவிலுக்குக் கிளம்பி நின்ற வளர்மதி எதிரே வந்தாள்.

"அய்யய்யோ! ஆத்தா எறங்கியிருக்கா!" என்று வளர்மதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நொடியில் வேப்பிலை வந்தது, மஞ்சள் தண்ணீர் வந்தது. பிள்ளையை இலைமேல் கிடத்தினார்கள். "ஆசுபத்திரி கீசுபத்திரின்னு கெளம்பிராத சித்ரா. அவளா வந்தா, அவளா போவா. வூட்ல ஏதும் சுத்தக் கொறச்சல் இல்லியே?"

"இல்லங்க அண்ணி" என்றாள் ஜெயசித்ரா.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவள் வேப்பிலைக்கு முன்னால் மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு தேனீ கொட்டியதுபோல் வீங்கியிருந்தது. மூச்சு விசில் அடித்தது. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அம்மை இத்தனை வேகமாக வராது என்கிற அளவுக்குப் புத்தி உண்டு.

"எந்திரிடி! ஸ்கூட்டியில ஏறு" என்றேன்.

"டீச்சர், நீங்க வேதக்காரவங்க. ஒங்களுக்கு இது தெரியாது" என்று வளர்மதி குறுக்கே நின்றாள்.

ஜெயசித்ரா என்னைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. அந்த அமைதிதான் அவளை எழுப்பியது. வேப்பிலையோடு சேர்த்துப் பிள்ளையை வாரிக்கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

வழி நெடுக அவள் வாய் ஓயவில்லை. "நாந்தான் கொன்னுட்டேன் டீச்சர், நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கும் பயத்தில் கை வியர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் உள்ளே நுழையும்போதே தமிழழகனும் வந்துவிட்டான். செய்தி கேட்டு, கட்டிய மஞ்சள் வேட்டியோடு, கையில் காப்போடு, அக்கா வளர்மதியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்து வந்திருந்தான். சின்ன வயது டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே கேட்டார், "என்ன சாப்ட்டா?"

"தயிர்ச்சோறுங்க" என்றாள் வளர்மதி.

டாக்டர் ஜெயசித்ராவைப் பார்த்தார். "அம்மா நீங்கதானே? புதுசா ஏதாவது குடுத்தீங்களா? சீக்கிரம் சொல்லுங்க, தொண்டை வீங்குது."

ஜெயசித்ராவின் கண் தமிழழகனின் மணிக்கட்டுக்குப் போனது. மஞ்சள் கயிறு. நாளைக்கு அவன் நெருப்பில் இறங்கவேண்டும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொல்லித் தொலையேண்டி என்று எனக்கு அவளை உலுக்கத் தோன்றியது.

"கோழி" என்றாள். பிறகு அடைபட்டது திறந்ததுபோல் கொட்டினாள். "கோழிக்கறி உருண்டை. நான்தான் செஞ்சேன். மிளகு, வெங்காயம், முந்திரிப்பொடி. முந்திரி இப்பதான் மொதமொதல்ல திங்கிறா."

"முந்திரியா?" என்று டாக்டர் கேட்டபோதே நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டார். பிள்ளையின் தொடையில் ஏறியது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்தார்கள். "முந்திரி ஒத்துக்கல. கறியில ஒண்ணும் இல்ல. நல்லவேளை சொன்னீங்க."

வளர்மதி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! காப்பு கட்டுன வூட்ல கோழியா? எந்தம்பி நாளைக்கு எறங்கணும்டி!"

தமிழழகன் வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீரானது. அழுதது. அந்த அழுகையைப் போல இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஜெயசித்ராவின் பயம் மட்டும் அடங்கவில்லை. மகள் பிழைத்துவிட்டாள், அடுத்து கணவனின் கால். ஆக்ஸிஜன் குழாயை எடுத்ததும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். வேப்பமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். பிள்ளையோடு நானும் பின்னாலேயே போனேன். சும்மா இருக்க முடியவில்லை, என்ன செய்ய?

"என்னாங்க, நாளைக்கு எறங்காதீங்க. நான் பண்ணுன பாவம், ஒங்க காலு வெந்துபோயிரும்" என்று அவன் காலைப் பிடித்தாள்.

அவன் காலை இழுத்துக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, மண்ணைத் தட்டிவிட்டு, பாதத்தைத் திருப்பி அவள் பக்கம் காட்டினான். குதிகாலுக்கு முன்னால், பாதத்தின் நடுவே, தோல் வேறு நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"முள்ளு குத்துச்சுன்னு சொன்னீங்களே?"

"முள்ளு இல்ல. வருசா வருசம் கொப்புளம் வரும். அதான் நீராட்டு வரைக்கும் வூட்டுக்கு வராம கொட்டாயிலயே கெடப்பேன்." அவன் குரல் தாழ்ந்தது. "ஒவ்வொரு தடவையும், நாம என்னா தப்பு பண்ணுனோம்னு ஒக்காந்து யோசிப்பேன் சித்ரா. ஒண்ணும் ஞாபகம் வராது. வெளிய சொன்னா ஒன்னையத்தான கேப்பாங்க? அதான் சொல்லல. நாளைக்கு எறங்கணும்னு நெனச்சா இப்பவே பயமாத்தான் இருக்கு."

அவள் அவன் பாதத்தையே பார்த்தாள். ஊரிலேயே தான் ஒருத்திதான் பயந்து சாகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள் அவள்.

மறுநாள் சாயங்காலம் குழியில் தணல் கண்ணைப் பறித்தது. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் நிறுத்திக்கொண்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். ஜெயசித்ரா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிட்டது. பறை உச்சத்துக்குப் போனது. தமிழழகன் இறங்கினான். அவள் கண்ணை மூடவில்லை. அவன் மறுகரை ஏறி, பால் ஊற்றிய பள்ளத்தில் நின்றுவிட்டு, மற்றவர்களோடு மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அத்தனை பேரும் பாதத்தை மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டார்கள்.

இவள் என் கையை விட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனாள். காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். புதிதாய் இரண்டு கொப்புளம். முந்தானை முடிச்சிலிருந்து ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த மருந்து ட்யூபை எடுத்துப் போட ஆரம்பித்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வளர்மதி விறுவிறுவென்று வந்தாள்.

"பாத்தியாடி? நீ பண்ணுன வேலைக்கு ஆத்தா காட்டிட்டா பாத்தியா?"

ஜெயசித்ரா தலைநிமிரவில்லை. மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போது தமிழழகனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர், வளர்மதியின் வீட்டுக்காரர் நல்லதம்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மெல்லத் தன் காலை நீட்டினார்.

"தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் போடும்மா."

வளர்மதி குனிந்து கணவனின் பாதத்தைப் பார்த்தாள். அதிலும் கொப்புளம். பிறகு தரையில் உட்கார்ந்து, ஜெயசித்ராவின் கையிலிருந்த ட்யூபை வாங்கிக்கொண்டாள்.

"எத்தினி வருசமாங்க?" என்று கேட்டாள்.

"எல்லா வருசமுந்தான்" என்றார் அவர்.