ஆறு வயர், ஐந்து விளக்கு

2006-ம் ஆண்டு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்கு, நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் அவசரமாக வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, பாரிஸில் மகனோடு இருக்கிறார். மறுநாள் இதய ஆபரேஷன். நம் நேரம் பன்னிரண்டரைக்கு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாராம். அதற்குள் வெப்கேமில் பேச வேண்டும்.

அன்று பார்த்து ஐந்திலும் இன்டர்நெட் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், நாளைதான் ஆள் வரும் என்றார்கள்.

"போன்ல பேசிடுங்களேம்மா."

"போன்ல தெனம் பேசறேன் சார். மொகத்தப் பாத்து ஆறு வருஷம் ஆவுது."

அதற்குமேல் எனக்கும் விட மனமில்லை. எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன், செட்டிங்கை மாற்றினேன். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

உள்சுவரில் எல்லாக் கம்ப்யூட்டரின் இன்டர்நெட் வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி இருந்தது. அவர் அதையே பார்த்தபடி நின்றார்.

"சார், இதுல ஆறு வயர் சொருவியிருக்கு. அஞ்சு லைட்டுதான் எரியுது."

"அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். நீங்க உக்காருங்கம்மா," என்றேன் எரிச்சலாக.

அவர் உட்காரவில்லை. "அது எதோட வயருன்னு மட்டும் பாத்துடுங்க சார்."

வேண்டாவெறுப்பாகப் போய்ப் பார்த்தேன். வாசலருகே இருந்த, வெளியிலிருந்து இன்டர்நெட் வந்து சேரும் மோடத்திலிருந்து வரும் வயர். வேறு துளையில் செருகினாலும் விளக்கு எரியவில்லை. அதன் துளையில் இன்னொரு வயரைச் செருகினேன், பச்சையாக எரிந்தது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை, வயரில்தான். அதைப் பிடித்துக்கொண்டே போனால், காலையில் நானே நகர்த்திய இரும்பு பீரோவின் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது.

அவ்வளவு நீளத்துக்கு வேறு வயர் இல்லை. நேரமும் இல்லை. இருவருமாக ஒரு கம்ப்யூட்டரையே வாசலுக்குத் தூக்கி வந்து, சின்ன வயரால் நேராக மோடத்தில் இணைத்தோம். விளக்கு எரிந்தது.

பன்னிரண்டே கால். திரையில் அப்பாவின் முகம் வந்ததும் அந்தம்மா திரைக்கு நெருங்கிக் குனிந்தார். பிறகு, "சாப்ட்டீங்களாப்பா?" என்றார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா கண்ணே முழிக்கல சார், அப்பிடியே போயிட்டாரு. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு, வந்தேன்."

அன்று என் பேச்சைக் கேட்டு அவர் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் யார் எதைச் சுட்டிக்காட்டினாலும், இவருக்கு என்ன தெரியும் என்று நினைக்காமல், முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.