லவோன் திரும்ப உருக்கிய அறுநூறு குண்டுகள்

முதியோர் இல்லத்தின் சலவை அறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் லவோன் ஹெக்ஸ்டட், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் காலணியைக் கழற்றுவார். அப்புறம் அரைக் கோப்பை ஆறிய காபி. அப்புறம் கார் கொட்டகைக்குப் போய், மேசையோடு முடுக்கியிருக்கும் சின்ன இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கணவருடைய ஈயக்குண்டுகளுக்கு மெழுகு ஏற்றுவார். துப்பாக்கி சுடுவதில் லவோனுக்கு ஆசை கிடையாது. ஒரே ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு, தோள் வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர். ஆனாலும் ஒன்பது வருடமாக டுவெய்ன் ஹெக்ஸ்டட் சுட்ட குண்டுகள் எல்லாமே லவோனின் கையைத் தாண்டிப் போனவைதான்.

நாங்கள் அடுத்த வீடு. என் அம்மாவும் அதே சலவை அறையில் வேலை செய்கிறார். இதில் பாதி நான் பார்த்தது, பாதி லவோன் சொன்னது.

டுவெய்ன் வேலை பார்த்த மர ஆலை மூடியதற்கு அடுத்த வருடம் அவருடைய கைகள் நடுங்க ஆரம்பித்தன. துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்துச் சுடலாம், அதற்கு நடுக்கம் பெரிய தடையில்லை. உருகிய ஈயத்தை நடுங்கும் கையோடு ஊற்ற முடியாது. அதனால் சனிக்கிழமைகளில் ஈயம் உருக்கி வார்ப்பதும், மற்ற நாட்களில் அளவு பிடித்து மெழுகு ஏற்றுவதும் லவோனின் வேலையாகிவிட்டன.

அச்சிலிருந்து வரும் குண்டு கொஞ்சம் பருமனாக இருக்கும். அதை ஓர் எஃகு வளையத்துக்குள் கைப்பிடியால் அழுத்தித் தள்ளினால் சரியான அளவுக்கு வரும். அதே அழுத்தத்தில் குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு ஏறும். சொல்வதற்குச் சுலபம். ஜனவரியில் மொன்டானா குளிரில் மெழுகு கல்லாகிவிடும், பள்ளத்துக்குள் போகாது. அதற்காக லவோன் இயந்திரத்தின் அடியில் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிடுவார். மெழுகைத் தள்ளும் திருகை ஒரு சுற்று அதிகமாகத் திருகினால் மெழுகு குண்டின் அடிப்பக்கம் பரவி வெடிமருந்தைக் கெடுக்கும். அதனால் கால் சுற்றுக்கு மேல் திருகமாட்டார். கைப்பிடியை அடிவரை இறக்கி மூன்று எண்ணும்வரை அப்படியே பிடித்திருப்பார். பிறகு இல்லத்தில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றில் ஒவ்வொரு குண்டின் அடியையும் துடைப்பார். உதடு அசைய அவர் எண்ணுவதைப் பார்த்து, இவள் ஜெபம் செய்கிறாள் என்று டுவெய்ன் கேலி செய்வார்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் போன வருடம் எல்லாம் கெட்டுப்போனது. துப்பாக்கிச் சங்கத்தின் கோடைப் போட்டியில் இரும்பால் செய்த கோழி, பன்றி, வான்கோழி, கடா என்று நாற்பது உருவங்களைத் தூரத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். டுவெய்ன் வழக்கமாக முப்பதைச் சாய்ப்பவர். போன வருடம் பதினொன்று. நூறு கஜத்தில் ஐந்து குண்டு சுட்டால் காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கிய துளைகள், சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறின. குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆனது. லவோன் ஈயத்தைக் கடினமாக்கிப் பார்த்தார். மெழுகை இளக்கிப் பார்த்தார். வார்த்த குண்டுகளை இரண்டு வாரம் ஆறவிட்டு அளவு பிடித்துப் பார்த்தார். எதற்கும் பலனில்லை. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இந்த வருடப் போட்டிக்காக அறுநூற்றிருபது குண்டு தயாரித்து வைத்திருந்தார். மே மாதம் அதில் இருபதைச் சுட்டுப் பார்த்தபோதும் அதே தட்டுதான்.

அன்று வண்டியில் திரும்பும்போது டுவெய்ன் முடிவைச் சொன்னார்.

"குண்டு மேல தப்பு இல்ல லவோன். கண்ணு போச்சு. கரடி எதுக்க வந்து நின்னாலும் நம்ம பாதிரியார்னு நெனச்சு கை குடுத்துருவேன். ரஸ் ரொம்ப நாளா துப்பாக்கிய கேட்டுட்டு இருக்கான். சனிக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

ரஸ் பிக்கெட் சங்கத்தில் அவரோடு சுடுபவர், நல்ல மனிதர். துப்பாக்கியை யார் எடுத்துப்போகிறார்கள் என்பது லவோனுக்குக் கவலை இல்லை. ஆலை மூடிய பிறகு டுவெய்ன் சவரம் செய்துகொண்டு வெளியே போவது அந்தச் சங்கத்துக்கு மட்டும்தான். துப்பாக்கி போனால் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கமாட்டார். இல்லத்தில் அப்படி உட்கார்ந்தவர்களின் துணிகளைத்தான் லவோன் தினமும் துவைக்கிறார்.

வியாழக்கிழமை, துப்பாக்கியோடு கொடுத்தனுப்ப அதன் சாமான்களைத் தேடியபோது, அலமாரியின் பின்னால் ஒரு காபி டப்பா கிடைத்தது. உள்ளே மூன்று வருடத்துக்கு முந்தைய குண்டுகள், மெழுகு காய்ந்து வெளுத்திருந்தன. மறுபடி மெழுகு ஏற்றி வைக்கலாமே என்று ஒன்றை எடுத்து வளையத்தில் வைத்தார். ஏற்கெனவே அளவு பிடித்த குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கைப்பிடியைப் பலமாக அழுத்த வேண்டியிருந்தது.

இன்னொன்றை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தார். முந்நூற்றுப் பத்து. குளிர்காலத்தில் செய்ததைப் பிடித்தார். முந்நூற்றெட்டு. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு.

இழுப்பறையைக் கொட்டித் தேடி பழைய வளையத்தை எடுத்தார். வெளியே துருப்பிடித்துவிட்டதே என்று, போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குப் பரிசாகப் புது வளையம் வாங்கிக் கொடுத்தது லவோன்தான். பழையதில் பொறித்திருந்த எண் 308. புதியதிலும் 308. எண்ணைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் டுவெய்னிடம் போனார்.

"இதுல 308-ன்னு போட்டிருக்கு. ஆனா குண்டு 310 வருது. எப்படி?"

டுவெய்ன் பழைய வளையத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"தேச்சேன்" என்றார் கடைசியில். "எங்கப்பா துப்பாக்கியில்லையா, குழல் தேஞ்சு அகலமாயிடுச்சு. அதுக்குத் தக்கபடி உப்புத்தாள ஒரு குச்சில சுத்தி ரெண்டு நாள் தேச்சேன். உன்னோட அம்மா தவறின வருஷம். சுத்தமா மறந்துட்டேன் லவோன்."

"ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம்ல?"

"மறப்போம்னு தெரிஞ்சா ஒட்டியிருப்பேன்."

லவோன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படவும் தெம்பில்லை என்று பிறகு என் அம்மாவிடம் சொன்னாராம். குழலைவிடக் குண்டு மெலிந்திருந்தால் நெருப்பு அதன் ஓரமாகக் கசியும், ஈயத்தை உருக்கிக் குழலில் பூசும், குண்டு தள்ளாடிப் போகும். மெழுகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இடைவெளியை அடைக்காது. ஒன்றரை வருடமாக அவர் பல்பு எரித்து, எண்ணி, துடைத்துக் கவனமாகச் செய்தவை எல்லாம் மெலிந்த குண்டுகள்.

வார்த்துவிட்டு இன்னும் அளவு பிடிக்காத குண்டுகள் ஒரு பெட்டியில் கொஞ்சம் மீதி இருந்தன. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, பழைய வளையத்தில் எண்ணெய் விட்டுத் துடைத்து மாட்டி, இருபதுக்கு மட்டும் மெழுகு ஏற்றினார்.

சனிக்கிழமை ரஸ் துப்பாக்கிப் பெட்டியோடு வந்தபோது, கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும் என்று லவோன் சொன்னார். டுவெய்னுக்கு விருப்பமில்லை. மறுபடி ஒருமுறை தோற்பதற்கு நான் ஏன் சட்டை மாற்ற வேண்டும் என்று கேட்டார். லவோன் சட்டையை எடுத்து மடியில் போட்டார். நானும் அவர்களுடன் சங்கத்தின் சுடும் மைதானத்துக்குப் போனேன்.

டுவெய்ன் மணல் மூட்டையில் சாய்ந்து ஐந்து குண்டு சுட்டார். ரஸ் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு லவோனுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார். லவோன் குனிந்து பார்த்தார். தட்டின் அகலம் இல்லை. காபிக் கோப்பையின் வாயும் இல்லை. நடுவில், கோப்பைக்கு அடியில் வைக்கும் சாசர் அகலம். அடுத்த ஐந்தும் அப்படியே. குழலுக்குள் துணி விட்டு இழுத்தபோது ஈயமே வரவில்லை.

"அப்ப தப்புல பாதி குண்டு" என்றார் டுவெய்ன், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "மீதி பாதி நான்தான்."

"பாதிக் கண்ணு இருந்தா போதும். நானே பாதித் தூக்கத்துலதான் வேலைக்குப் போயிட்டு வரேன்."

வெறும் பெட்டியோடு வீட்டுக்குப் போனால் மனைவி சிரிப்பாள் என்று ரஸ் முனகினார். அதற்கு டுவெய்ன், "அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சுன்னு நீதானே சொன்ன. போ, புண்ணியமாப் போகும்" என்றார். ரஸ் வெறும் பெட்டியோடுதான் போனார்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மெலிந்த குண்டைப் பருமனாக்க வழியில்லை. குளிர்காலத்தில் செய்தவற்றில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் திரும்ப உருக்க வேண்டியதுதான். அன்று மதியமே லவோன் அடுப்பைப் பற்றவைத்தார். அவர் கால் சுற்றுக் கணக்கில் ஏற்றிய மெழுகு எல்லாம் கரும்புகையாகக் கிளம்பி எங்கள் சமையலறை வரை வந்தது. என் அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த வாரம் நான் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இருவரும் கொட்டகையில் இருந்தார்கள். பழைய வளையத்தின் மேல் வெள்ளை வண்ணத்தில் 310 என்று பெரிதாக எழுதியிருந்தது. லவோன் கைப்பிடியை இறக்கி மூன்று எண்ணிக்கொண்டிருந்தார். குண்டின் அடியைத் துடைக்கும் வேலை இப்போது டுவெய்னுடையது. அதற்கு நடுக்கம் தடையில்லை, உதவி என்றுகூடச் சொல்லலாம். பதினோரு குண்டு துடைத்துவிட்டு அவர் துண்டோடு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். லவோன் அவர் கையிலிருந்து துண்டை மெதுவாக உருவி எடுத்து, பன்னிரண்டாவதைத் துடைத்தார்.