அப்பாவின் வயிறு அடம்பிடித்த மாதம்

எல்லார் வீட்டிலும் அப்பாவைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒரு கதை இருக்கும். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் அப்பா வெள்ளத்தில் நீந்திப்போய் மாட்டைக் காப்பாற்றினாராம். இன்னொருத்தியின் அப்பா அரசு தரும் டத்தோ பட்டம் வாங்கியவர். என் முறை வரும்போது நான் கொஞ்சம் தயங்குவேன். வெட்கத்தால் அல்ல, சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடிய கதை அல்ல என்பதால்தான். என் அப்பா சிகரெட்டை விட்டார். அதனால் அவருடைய வயிறு கட்டிக்கொண்டது. ஏறக்குறைய ஒரு மாதம் அதோடு மல்லுக்கு நின்றார். கதை அவ்வளவுதான். ஆனால் அதைவிடப் பெரிய வீரத்தை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், லுக்குட்டிலிருந்து சுவாவுக்குப் போகும் பாதையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அப்பா மண்டோர். குலை வெட்டுகிறவர்களையும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களையும் ஆள் கணக்கெடுத்து, இன்னார் இன்ன இடத்துக்கு என்று பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. அதற்குப் பெயர் பெரட்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அது ஆரம்பிக்கும். பன்னிரண்டு வருடத்தில் அப்பா ஒரு நாள்கூடப் பெரட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

அந்தப் பெருமையில் பாதி சிகரெட்டுக்குச் சேர வேண்டியது. எழுந்தவுடன் ஒரு குவளை பால் விடாத கோப்பி ஓ, பின்வாசலில் நின்று ஒரு சிகரெட், இரண்டாவதைப் பற்றவைத்துக்கொண்டு நேரே ஜாம்பான். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்து வெளியே வந்துவிடுவார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பின்னால் இருந்த அந்தக் கழிப்பறை எங்களுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் பொது. சுவரின் மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகளில் புகை வந்தால் உள்ளே மண்டோர் இருக்கிறார் என்று அர்த்தம். அத்தை புகையைப் பார்த்தபடியே பல் துலக்குவார். புகை நின்றதும் தன் வாளியைத் தூக்கிக்கொள்வார். இரண்டு குடும்பமும் சண்டையில்லாமல் பிழைத்தது அப்படித்தான்.

எனக்கு இழுப்பு இருந்தது. நாலாம் ஆண்டு படித்தபோது அது முற்றி, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மத்தியானம் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓட்டினார். அங்கிருந்த டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. என் முகத்தில் மருந்துப் புகை வரும் மூடியை மாட்டிவிட்டு, அப்பாவின் சட்டைப் பக்கம் குனிந்து முகர்ந்தார். வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று கேட்டார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஐம்பது அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிற அப்பா, பள்ளிப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். அந்தக் கை இறங்கும்போது சட்டைப் பையிலிருந்த பெட்டியோடு இறங்கியது. டாக்டரின் மேசையில் அதை வைத்தார். என் மேசையில் குப்பை போடாதே, வெளியே தொட்டி இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் இது வீட்டு விஷயமாகவே இருந்திருக்கும். அப்பா மறுநாள் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்து, இனிமேல் தான் சிகரெட்டைத் தொட மாட்டேன் என்றும், தொட்டால் யார் வேண்டுமானாலும் தன்னை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் அறிவித்துவிட்டார். தமிழில் ஒரு தடவை, இந்தோனேசியக்காரர்களுக்காக மலாயில் ஒரு தடவை. வாக்கைப் பத்துப் பேர் முன்னால் கொடுத்தால்தான் தனக்கு அது வாக்கு என்பது அவர் கட்சி.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் அப்பா ஜாம்பானுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. புகையும் வராததால் உள்ளே ஆளில்லை என்று நினைத்து அத்தை கதவை இழுக்க, உள்ளேயிருந்து அப்பா இழுக்க, தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அத்தை ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவின் வயிறு அவர் பேச்சைக் கேட்கவில்லை. உப்பிக்கொண்டே போனது. இடுப்புவாரில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டார். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குமேல் இறங்காது. ஏப்பம் பெரிய பெரிய ஏப்பமாக வரும். மற்றதும் வரும். சிரிக்கக்கூடாது என்று அம்மா எனக்குக் கண்ணைக் காட்டுவார். பிறகு அவரே அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். நாற்றத்துக்கு ஊதுவத்தி கொளுத்தினார். அந்தப் புகையில் எனக்கு இழுக்க ஆரம்பித்ததால் அதையும் நிறுத்தினார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் மானத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அப்பா பெரட்டுக்குத் தாமதமாகப் போனார். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி காரணம் கேட்டபோது மோட்டார் கிளம்பவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்பா எல்லார் முன்னாலும், "வயிறு போவல சார்" என்றாராம். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது என்று அங்கே நின்ற சித்தப்பா வந்து சொன்னார். எட்டாம் நாளிலிருந்து அப்பா நாலு மணிக்கே எழுந்துவிட்டார். போனாலும் போகாவிட்டாலும் ஐந்தரைக்குப் பெரட்டில் நின்றார்.

வைத்தியம் வீடு தேடி வந்தது. வெந்நீர், விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, யாரோ கொடுத்த பச்சை நிற மாத்திரை. எதுவும் ஒரு நாளுக்குமேல் கைகொடுக்கவில்லை. அப்பா மறுபடியும் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் சிகரெட்தான் உன் குடலைத் தட்டி எழுப்பியது, இனிமேல் அது தானாக எழும்பப் பழக வேண்டும், மூன்று நாலு வாரம் ஆகும், தண்ணீர் நிறையக் குடி, காய்கறி சாப்பிடு, நட என்றார். அப்பா நடந்தார். விடியுமுன்னே கையில் ஒரு போத்தல் தண்ணீரோடு லயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மண்டோர் தோட்டத்தை அளக்கிறார் என்று ஆட்கள் கேலி செய்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இன்னொரு சுற்றுப் போவார்.

சாயங்காலங்களில் என்னை முன்னால் உட்காரவைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்பார். மூச்சை இழுத்து விடச் சொல்வார். முன்பெல்லாம் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது. அது குறைந்துகொண்டே வந்தது. "இன்னிக்கி ஒன்னுமே கேக்கல லா" என்று அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் காதை என் முதுகில் வைத்திருக்கும்போதே அவர் வயிறு உறுமுவது எனக்குக் கேட்கும். என் நெஞ்சிலிருந்த கஷ்டத்தைத்தான் யாரோ எடுத்து அப்பா வயிற்றில் வைத்துவிட்டார்கள் என்று நான் நம்பினேன். எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது.

சித்தப்பா குலை லோரி ஓட்டுகிறவர். நாலு வீடு தள்ளி இருந்தார். அவர் வாயில் எப்போதும் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். அண்ணன் படும் பாட்டைப் பார்த்து அவருக்குப் பரிதாபம் வந்துவிட்டது. "ஒன்னே ஒன்னு இழுண்ணே. கடகடன்னு போயிடும். அப்புறம் மறுபடியும் வுட்டுடு" என்பார். அப்பா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த 'ஒன்னே ஒன்னு' என் காதில் ஒட்டிக்கொண்டது.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மூன்று தடவை ஜாம்பானுக்குப் போய் வந்து, பின்வாசல் படியில் அப்பா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை. அவர் முனகி நான் கேட்டது அன்றுதான். அம்மா பக்கத்தில் நின்று அழுதார். கடைசியில் அம்மாவே, "ஒன்னு புடிச்சிட்டுத்தான் போங்களேன். யாரு என்ன கேக்கப்போறா?" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வேறு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். கேட்டவுடன் ஒரு சிகரெட்டையும் லைட்டரையும் என் கையில் திணித்துவிட்டு, அவரும் பின்னாலேயே வந்தார். நான் அதை அப்பாவிடம் நீட்டினேன்.

"அப்பா, நீங்க புடிங்க. நான் அத்தை வீட்டுல போயி இருந்துக்கறேன். எனக்கு இழுக்காது."

அப்பா சிகரெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டு, எழுந்து, ஜாம்பானுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. அம்மா, சித்தப்பா, சத்தம் கேட்டு வந்த அத்தை, நான், நாலு பேரும் தலையைத் தூக்கி அந்தச் சுவரின் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே லைட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. புகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை தட்டும் சத்தம். அப்போதும் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, வந்துச்சா?" என்று கத்தினேன்.

பிறகு அப்பாவின் குரல், பெரட்டில் ஆள் கூப்பிடும் அதே குரல், கணீரென்று வந்தது. "வந்துருச்சு லா!"

தொடர்ந்து தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு வாளி, இரண்டு வாளி. சித்தப்பா விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அத்தை கையைத் தட்டினார். நான் குதித்த குதியில் மூச்சு வாங்கியது, ஆனால் இழுக்கவில்லை. அப்பா கதவைத் திறந்துகொண்டு நிமிர்ந்து வந்தார். சிகரெட் முழுசாகக் கையில் இருந்தது. "ஒன் சாமான்" என்று சித்தப்பாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அடுத்த நாள் என் வகுப்பு முழுவதற்கும் இந்தச் செய்தியை நான்தான் சொன்னேன். வாத்தியாருக்கும் சொன்னேன்.

இத்தோடு முடிந்த கதை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். போன வருடம், அவர்கள் இப்போது இருக்கும் அம்பாங்கான் வீட்டில், அப்பா வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்தபடி அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

"அன்னிக்கி ஒன்னும் ஆவல லா. சும்மா தண்ணிய ஊத்திட்டு வந்தாரு. ரெண்டு வாட்டி வாயில வச்சு லைட்டரத் தட்டிட்டாராம், பத்த வைக்கத்தான் இல்ல. அப்பத்தான் நீ வெளிய நின்னு கத்துனியாம். வரலன்னு சொன்னா நீ இன்னொன்னு வாங்கப் போயிருப்ப. அதுக்கப்புறமும் ஒம்போது நாளு பட்டாரு, மனுசன்."

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் என் முன்னால் முனகவில்லை. படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. விடியுமுன் நடை மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பழகிவிட்டது என்றார், நானும் சரியென்றேன். அவர் ஜெயித்தார் என்று நினைத்து அன்று பெருமைப்பட்டேன். ஜெயிக்காமலேயே ஜெயித்த மாதிரி நடந்து வந்தாரே, அதற்குத்தான் இன்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் சாயங்காலம் சித்தப்பா லுக்குட்டிலிருந்து ஒரு பெரிய பப்பாளி வாங்கிவந்து அண்ணனுக்கு என்று கொடுத்தார். அம்மா அதை நறுக்கி, தட்டு நிறைய அப்பாவின் முன்னால் வைத்தார். எனக்குக் கிண்ணத்தில் இரண்டே துண்டு. நான் நியாயம் கேட்டேன்.

"அப்பாவுக்குத்தான் சரியாயிடுச்சே. அவருக்கு எதுக்கு இவ்ளோ?"

அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார். நன்றாகப் பழுத்த பழம். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். அப்பா தன் வயிற்றின்மேல் கையை வைத்தபடி நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பப்பாளி இவ்வளவு பிடிக்குமா என்று ஆச்சரியப்படுகிறார் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டேன்.