பட்டாளத்துக்குப் பொங்கியவர்

மாதையனின் அப்பாவுக்கு வட்டிக்காரரிடம் எண்ணூறு ரூபாய் கடன். அதை அடைக்கப் பட்டாளத்தில் சமையல்காரராகச் சேர்ந்த மாதையன், எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் வெட்டவெளியில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கினார். சோற்றை லாரி ஏற்றிப்போகும். ‘பட்டாளத்துக்கே சோறு போட்ட கை’ என்று சொல்லிச் சொல்லியே ஓசூரில் மெஸ் நடத்திப் பெரிய ஆளானார்.

போர்த் தந்திரங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த சுவாதி, அவரைப் பேட்டி எடுத்துவிட்டு மெஸ்ஸில் வைத்தே சொன்னாள்: “அங்க படையே இல்ல தாத்தா. பொகையப் பாத்து எதிரி ஏமாந்து அங்க குண்டு போடட்டும்னுதான் உங்கள வெச்சிருந்தாங்க.”

“அப்ப அந்தச் சோறு?”

“கொட்டிட்டாங்களாம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனித் தொழிலாளி ஒருவன் சிரித்தான். “அப்ப நெசமா எங்களுக்குத்தான் பொங்கிப் போட்டிருக்க, பெருசு.”

மாதையன் அவனிடம் “ரசம் ஊத்தட்டுமா?” என்று கையை நீட்டினார். கையில் வாளி இல்லை. விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் சுவாதி பேட்டிப் பணத்தை எண்ணி வைத்தாள்.